டக்ளஸ் அம்மாளும் ஹக்கும்: கேள்வி பதில்

மார்க் ட்வெய்னின் ‘ஹக்கிள்பெரி ஃபின்’ நாவலில், மிசிசிப்பி ஆற்றோர ஊரில் கேட்பாரற்றுத் திரிந்த ஹக்கை விதவை டக்ளஸ் வளர்த்து ஆளாக்கப் பார்க்கும் பகுதி பற்றி வந்த கேள்விகள்.

ஹக் அநாதைதானே?

இல்லை. தாய் இல்லை, குடிகார அப்பன் இருக்கிறான். கதையின் முற்பகுதியிலேயே அவன் செத்துப்போகிறான், ஆனால் அது ஹக்குக்குத் தெரியவருவது கடைசி அத்தியாயத்தில். பாதிக் கதைக்கு மேல் செத்தவனுக்குப் பயந்துதான் ஓடிக்கொண்டிருக்கிறான்.

நேராக இந்த நாவலிலேயே தொடங்கலாமா சார்?

தொடங்கலாம். 1876இல் வந்த முந்தைய நாவல் ‘டாம் சாயர்’ 35ஆம் அத்தியாயத்தை மட்டும் முதலில் படித்துவிடுங்கள். அம்மாள் வீட்டில் 3 வாரம் தாக்குப்பிடித்துவிட்டு, பாழடைந்த இறைச்சிக் கொட்டகைக்குப் பின்னால் காலிப் பீப்பாயில் போய்ப் படுத்துக்கொள்கிறான். மணி அடித்தால் எழு, மணி அடித்தால் சாப்பிடு, மணி அடித்தால் தூங்கு என்பதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. நண்பன் டாம் அவனைத் திருப்பி அனுப்பும் தந்திரமும் அங்கேதான் இருக்கிறது: கண்ணியமானவனாக இருந்தால்தான் கொள்ளைக் கூட்டத்தில் இடமாம்!

அம்மாளின் வளர்ப்பில் எது பலித்தது, எது பலிக்கவில்லை?

புத்திமதி பலிக்கவில்லை. பைபிளில் வரும் மோசேயின் கதையை ஆர்வமாகக் கேட்கிறான். அவர் என்றோ இறந்துபோனவர் என்று தெரிந்ததும் விட்டுவிடுகிறான். புகைக்காதே என்கிறாள், தானே மூக்குப்பொடி போடுகிறாள். அதை அவன் கவனிக்காமல் இல்லை. அம்மாளின் சகோதரி மிஸ் வாட்சனோ எழுத்துக்கூட்டும் புத்தகத்தோடு ஒரு மணி நேரம் வாட்டி எடுக்கிறாள்.

‘ஹக்கிள்பெரி ஃபின்’ 3ஆம் அத்தியாயத்தின் தொடக்கத்தை நிதானமாகப் படியுங்கள். இரவெல்லாம் ஊர்சுற்றி, உடையெல்லாம் மண்ணும் பிசுக்குமாக வந்து நிற்கிறான். வாட்சன் திட்டித் தீர்க்கிறாள். டக்ளஸ் ஒரு வார்த்தை பேசவில்லை. வருத்தமான முகத்தோடு அழுக்கைத் துடைத்துவிடுகிறாள். முடிந்தால் கொஞ்ச நாள் ஒழுங்காக இருந்து பார்ப்போம் என்று அவனுக்குத் தோன்றுவது அப்போதுதான். 4ஆம் அத்தியாயத்துக்குள் கொஞ்சம் எழுதப் படிக்கத் தெரிந்துவிடுகிறது. வாய்ப்பாடு மட்டும் ஆறேழு முப்பத்தைந்தில் நிற்கிறது. பழைய வாழ்க்கைதான் பிடிக்கும், புதியதும் கொஞ்சம் பிடிக்க ஆரம்பித்திருக்கிறது என்று அவனே சொல்கிறான். ஆக, வளர்ப்பு பலிக்க ஆரம்பித்த நேரத்தில்தான் குலைகிறது.

குலைத்தது யார்?

அப்பன். டாமோடு கண்டெடுத்த புதையலில் ஹக்கின் பங்குக்கு வந்த 6,000 டாலர் மீது அவனுக்குக் கண். டக்ளஸும் நீதிபதி தாட்சரும் பாதுகாவலர் உரிமை கேட்டு வழக்குப் போடுகிறார்கள். ஊருக்குப் புதிதாக வந்த நீதிபதிக்கு அப்பனின் லட்சணம் தெரியாது. குடும்பத்தைப் பிரிக்கக் கூடாது என்கிறார். அவரே அப்பனை வீட்டுக்கு அழைத்து, புதுச் சட்டை போட்டு, குடிக்கமாட்டேன் என்று உறுதிமொழியும் வாங்குகிறார். அன்றிரவே அவன் புது மேலங்கியைக் கொடுத்துச் சாராயம் வாங்கிக் குடித்து, விழுந்து, இடது கையை இரண்டு இடத்தில் முறித்துக்கொள்கிறான்.

மிஸ் வாட்சன் கண்டிப்பானவள், ஆனால் நல்லவள்தானே?

நரகம் பற்றி ஹக்குக்குப் பாடம் நடத்துகிறவள், தன் அடிமை ஜிம்மை விற்றால் 800 டாலர் கிடைக்கும் என்றதும் மனம் தடுமாறுகிறாள். அதனால்தான் ஜிம் ஓடுகிறான். பிறகு உயிலில் விடுதலை தருகிறாள், உண்மைதான். ஆனாலும் அந்த வீட்டின் நாகரிகம் எதன்மேல் நிற்கிறது என்பதை ட்வெய்ன் காட்டும் இடம் இது.

முடிவில் மறுபடி ஓடப் பார்க்கிறானே, வளர்ப்பு தோற்றதா?

31ஆம் அத்தியாயத்தைப் பாருங்கள். தன்னோடு தெப்பத்தில் ஓடிவந்த ஜிம்மைக் காட்டிக்கொடுக்காதது பாவம் என்று நம்பி முழங்காலிடுகிறான். ஜெபம் வாயில் வரவில்லை. படித்த எழுத்தைக் கொண்டே ஜிம் இருக்குமிடத்தைச் சொல்லி மிஸ் வாட்சனுக்குக் கடிதம் எழுதிவிடுகிறான், ஆனால் அனுப்பவில்லை. ஜிம்மின் அன்பு நினைவுக்கு வர, நரகத்துக்கே போகிறேன் என்று அதைக் கிழித்துப்போடுகிறான். அந்த வீட்டில் சொல்லிக்கொடுத்த பாவ புண்ணியக் கணக்கு தோற்றது. டக்ளஸின் கனிவும் தோற்றது என்று நான் சொல்லமாட்டேன். கடைசியில் டாமின் உறவினரான சாலி அத்தை தத்தெடுக்க வருகிறாள் என்றதும் மேற்கே கிளம்பத் துடிக்கிறான். அத்தை மேல் கோபம் எதுவுமில்லை, அந்த மணியோசை வாழ்க்கை மறுபடி வேண்டாம் என்பதுதான்.