போர்வெல் போட்டதும் பயம் போய்விட்டதா?

கேள்வி: மூன்று ஆண்டுகளுக்கு முன் வறட்சியில் நெல் காய்ந்தது. கடன் வாங்கி போர்வெல் போட்டேன். சென்ற ஆண்டு அறுவடை நேரத்தில் கொட்டிய மழையில் பயிர் சாய்ந்து, கதிரிலேயே நெல் முளைத்துவிட்டது. "எங்கள் காலத்திலும் இப்படித்தான்" என்கிறார் அப்பா. "பருவமே மாறிவிட்டது, நெல்லை விட்டுவிடலாம்" என்கிறான் மகன். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: இருவர் பேச்சையும் கேளுங்கள். ஆனால் இருவருடைய நினைவையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். மழை நன்றாகப் பெய்த ஆண்டுகள் எல்லாம் மறந்துபோகும், அடிபட்ட ஆண்டு மட்டும் மனதில் நிற்கும். அதுவும் நாம் ஏற்கெனவே நம்புவதற்கு ஏற்றபடி வளைந்துதான் நிற்கும். அமெரிக்காவின் இல்லினாய் மாநில விவசாயிகளிடம் எல்கே வெபர் என்ற உளவியலாளர் நடத்திய ஆய்வு 1997இல் வெளிவந்தது. பருவநிலை மாறுகிறது என்று நம்பியவர்களும் நம்பாதவர்களும் கடந்த ஆண்டுகளின் வானிலையைத் தங்கள் நம்பிக்கைக்குத் தக்கபடியே நினைவுகூர்ந்தார்கள். இத்தனைக்கும் எல்லோரும் பார்த்தது ஒரே வானம்!

அந்த ஆய்வில் உங்கள் கதையும் இருக்கிறது. ஏதாவது ஒரு ஏற்பாட்டைச் செய்தவர்கள் பெரும்பாலும் அத்தோடு நின்றுவிட்டார்கள். ஒன்றைச் செய்ததுமே பயம் இறங்கிவிடுகிறது, ஆபத்து இறங்குவதில்லை. வறட்சிக்குப் போர்வெல் போட்டீர்கள், சரி. அறுவடை மழைக்கு அது என்ன செய்யும்?

ஓர் ஆண்டு மழையை வைத்துப் பருவம் மாறிவிட்டது என்று சொல்ல முடியாது. வானிலைத் துறையினரே 30 ஆண்டுச் சராசரியைத்தான் அளவுகோலாக வைக்கிறார்கள். இந்த அளவில் அப்பா சரி. ஆனால் உலகின் சராசரி வெப்பம் 1 டிகிரிக்கு மேல் கூடிவிட்டது. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும். அதனால் மண்ணிலிருந்து ஈரத்தை வேகமாக உறிஞ்சும், பெய்யும்போது சேர்த்துவைத்துக் கொட்டும். வறட்சியும் பெருமழையும் ஒன்றுக்கொன்று எதிரி என்று நினைக்க வேண்டாம்.

நெல்லை விடுவதா என்பதை இந்தக் கோபத்தில் முடிவு செய்யாதீர்கள். முதலில், மொத்த வயலையும் ஒரே ரகத்தில், ஒரே நாளில் நடுவதை நிறுத்துங்கள். வயலின் ஒரு பாதியில், சாயாத குறுகிய கால ரகம் போட்டு, நடவில் பத்து நாள் இடைவெளி விடுங்கள். மழை வந்தாலும் ஒரு பகுதிதான் சிக்கும். (மாதக்கணக்கில் இழுத்தால் பூச்சிக்கு விருந்து.) வாங்கும்போதே விதை உறக்கம் உள்ள ரகமா என்று கேளுங்கள். இருந்தால் நனைந்த கதிர் சட்டென்று முளைக்காது. யூரியாவை அள்ளி வீசியிருந்தால், பயிர் சாய்ந்ததற்கு மழையை மட்டும் திட்டிப் பயனில்லை. அறுவடைக்குப் பத்து நாள் முன்பே நீரை வடித்து, வாய்க்காலைத் தூர்வாரி வையுங்கள்.

அப்புறம், பக்கம் நேராக உள்ள ஒரு டப்பாவை வெட்டவெளியில் வைத்து, மழை பெய்யும் நாளெல்லாம் அளந்து நோட்டில் எழுதுங்கள். 25 மில்லிமீட்டர் மழை என்றால் ஏக்கருக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் லிட்டர். அதை ஓடவிட்டுவிட்டுப் பாதாளத்தில் தண்ணீர் தேடுகிறோம். தாழ்வான மூலையில் ஒரு பண்ணைக்குட்டை வெட்ட இடமிருக்கிறதா, பாருங்கள்.

மகன் எந்தப் பயிரை மனதில் வைத்திருக்கிறார் என்பதையும், உங்கள் மண் வகையையும் அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். நீர் தேங்கும் மண் என்றால் என் பதில் வேறாக இருக்கும்.