தைராய்டு மாத்திரை போட்டும் அசதி போகவில்லையா? கேள்வி பதில்

கேள்வி: டிஎஸ்ஹெச் (தைராய்டைத் தூண்ட மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் ஹார்மோன்; தைராய்டு ஹார்மோன் குறைந்தால் இது ஏறும்) 2.1. நார்மல் என்கிறார்கள். ஆனால் காலையில் எழவே முடியவில்லை. டோஸைக் கூட்டலாமா மேடம்?

பதில்: கூட்டாதீர்கள். டிஎஸ்ஹெச் 0.4-க்கும் 4-க்கும் நடுவில் இருக்கும்போது அசதிக்காக டோஸை ஏற்றினால் படபடப்பு வரும், நாள்பட எலும்பு தேயும். அதற்காக உங்கள் அசதி பொய்யாகிவிடாது. காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும். முதலில் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), வைட்டமின் பி12, சர்க்கரை. ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின் அடிமட்டத்தில் கிடக்கலாம், அதனால் இரண்டையும் பாருங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை போடுபவர் என்றால் பி12-ஐ விடவே கூடாது. ஹாஷிமோட்டோ (உடலின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்கும் நோய்) இருந்தால் சீலியாக் நோய்க்கான (கோதுமையிலுள்ள குளூட்டனால் குடல் பாதிக்கப்படுவது) டிடிஜி ஐஜிஏ ரத்தப் பரிசோதனையும் தேவை. குறட்டையும் பகல் தூக்கமும் சேர்ந்திருந்தால் தூக்கப் பரிசோதனை.

எடை குறைகிறது, எழுந்தால் தலை சுற்றுகிறது, தோல் கறுக்கிறது என்றால் உடனே மருத்துவரிடம் சொல்லி, காலை 8 - 9 மணிக்குள் கார்டிசால் (சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பியின் ஹார்மோன்) பாருங்கள். அட்ரினல் பற்றாக்குறை இருப்பது தெரியாமல் தைராக்சினை (தைராய்டு மாத்திரையை) கூட்டினால் உயிருக்கே ஆபத்து.

கேள்வி: டிஎஸ்ஹெச் 9.2, ஃப்ரீ டி4 (ரத்தத்திலுள்ள தைராய்டு ஹார்மோன்) 1.6. ஒன்று மோசம், ஒன்று நன்றாக இருக்கிறது. எதை நம்புவது?

பதில்: இரண்டையும். இடையிடையே மாத்திரையை விட்டுவிட்டு, டெஸ்டுக்கு முந்தைய சில நாள் மட்டும் ஒழுங்காகப் போட்டால் பெரும்பாலும் இப்படித்தான் வரும். டி4 சீக்கிரம் ஏறிவிடும்; டிஎஸ்ஹெச் இறங்கி நிலைக்க 6 வாரமாவது பிடிக்கும். ரத்தம் கொடுக்கும் நாளில் மாத்திரையை ரத்தம் எடுத்த பிறகு போடுங்கள். முன்பே போட்டால் டி4 சில மணி நேரம் உயர்ந்து காட்டும்.

கேள்வி: நான் மாத்திரையை ஒரு நாளும் விடுவதில்லை, ஆனாலும் டிஎஸ்ஹெச் இறங்கவில்லை. காபியோடு போடுகிறேன், கூடவே கால்சியம்.

பதில்: அதுதான் கோளாறு. வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும். காபி, காலை உணவு எல்லாம் 30 முதல் 60 நிமிடம் கழித்து. கால்சியம், இரும்பு மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி.

கேள்வி: முடிக்காக பயோட்டின் வைட்டமின் 10 மில்லிகிராம் போடுகிறேன். திடீரென்று டிஎஸ்ஹெச் 0.1!

பதில்: டோஸைக் குறைக்க அவசரப்படாதீர்கள். சில லேப் முறைகளில் பயோட்டின் டிஎஸ்ஹெச்சைப் பொய்யாகக் குறைத்தும் டி4-ஐப் பொய்யாகக் கூட்டியும் காட்டும். பயோட்டினை மட்டும் 3 நாள் நிறுத்திவிட்டு டெஸ்டை மறுபடி எடுங்கள்.

கேள்வி: பிட்யூட்டரி ஆபரேஷன் ஆனவருக்கும் டிஎஸ்ஹெச் பார்த்தால் போதுமா?

பதில்: போதாது. அவருக்கு டிஎஸ்ஹெச் நம்பத்தக்க அளவுகோலே அல்ல. ஃப்ரீ டி4-ஐ வைத்துத்தான் டோஸ்.