வாதக் கட்டுரை: கேட்டதும் சொன்னதும்

வாதக் கட்டுரை எழுதும்போது எங்கே சிக்குகிறது என்று கேட்டிருந்தேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். பல வருடம் கட்டுரை திருத்திய ஆள் நான். சில பதில்களில் சிவப்பு மை கொஞ்சம் தெறிக்கும்.

கேள்வி: இரண்டு நாளாக முன்னுரையிலேயே நிற்கிறேன். எங்கே தொடங்குவது?

முன்னுரையைக் கடைசியில் எழுதிக்கொள்ளலாம். முதலில் உங்கள் நிலைப்பாட்டை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். அதைப் படிக்கிற ஒருவர் "அதெப்படி?" என்று கேட்க முடிய வேண்டும்.

"கைபேசியால் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு." இதை மறுக்க ஆளே இல்லை, அதனால் வாதமும் இல்லை. "பள்ளியில் கைபேசி கூடாது." பரவாயில்லை, ஆனால் யாருக்கு, எப்போது? "பாடம் நடக்கும்போது மாணவர்களின் கைபேசிகளை ஆசிரியர் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால், ஒருவருக்கு வரும் அழைப்பு வகுப்பு முழுவதையும் கலைக்கிறது." இப்போது சரி. அந்த "ஏனென்றால்" இல்லாவிட்டால் கட்டுரைக்குள் எழுத ஒன்றும் இருக்காது.

கேள்வி: ஐந்து பத்தி கட்டாயமா?

முன்னுரை, மூன்று காரணம், முடிவுரை என்பது பழகுவதற்கு நல்ல அச்சு, அவ்வளவுதான். இரண்டு காரணம் வலுவாக இருந்தால் மூன்றாவதை இட்டு நிரப்பாதீர்கள். மறுக்க வருபவர் அந்த நொண்டிக் காரணத்தைத்தான் முதலில் பிடிப்பார்.

கேள்வி: எதிர்க் கருத்தை நாமே எழுதினால் நம் கட்சி பலவீனமாகாதா?

இந்தக் கேள்விதான் அதிகம் வந்தது. ஆகாது. எதிர்க் கருத்து எப்படியும் வாசிப்பவர் மனதில் இருக்கிறது. நீங்கள் எழுதாவிட்டால் அது பதில் இல்லாமல் அங்கேயே கிடக்கும். 13ஆம் நூற்றாண்டு இலக்கண நூலான நன்னூல் சொல்லும் ஏழு மதங்களில் (நூல் எழுதுபவர் கொள்ளும் கொள்கைகளில்) ஒன்று 'பிறர்தம் மதமேற்கொண்டு களைவு'. முதலில் மற்றவர் கொள்கையை ஏற்றுக்கொண்டு, பிறகு அதை விலக்குவது. 'ஏற்றுக்கொண்டு' என்பதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

"சிலர் விளையாடுவதற்காகவே கைபேசி கேட்கிறார்கள்" என்று எழுதினால், அடிப்பதற்கு வசதியாக ஒரு வைக்கோல் பொம்மையைச் செய்துகொள்கிறீர்கள். இப்படி எழுதிப் பாருங்கள்: "பிள்ளைக்கு ஏதாவது ஆனால் உடனே தெரிய வேண்டும் என்று பெற்றோர் நினைப்பது நியாயம். அதற்குப் பள்ளி அலுவலகத் தொலைபேசி போதும்."

இதிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. அலுவலகத்தில் யாரும் எடுக்காவிட்டால்? விவரமான பெற்றோர் உடனே கேட்பார். அதற்கும் ஒரு வரி எழுதுங்கள். பதில் கிடைக்கவில்லை என்றால் உங்கள் நிலைப்பாட்டைக் கொஞ்சம் தளர்த்துங்கள், அதில் வெட்கமில்லை.

கேள்வி: சான்று கொடுத்தும் 'விளக்கம் போதாது' என்று மதிப்பெண் குறைக்கிறார்கள்.

சான்றுக்கும் முடிவுக்கும் நடுவில் ஒரு படி விட்டுப்போயிருக்கும். "ஒரு கைபேசி ஒலித்தது, எல்லாரும் திரும்பினார்கள். எனவே வாங்கி வைக்க வேண்டும்." அரை நிமிடம் திரும்பினால் என்ன நஷ்டம்? அது உங்களுக்குச் சொல்லாமலே தெரிகிறது, படிப்பவருக்குத் தெரியாது. "கணக்கின் மூன்றாம் படியில் கவனம் போனால் நான்காம் படி புரியாது" என்று ஒரு வாக்கியம் சேர்த்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். ஸ்டீஃபன் டூல்மின் என்ற தத்துவ அறிஞர் 1958இல் வாதத்தின் உறுப்புகளைப் பிரித்துக் காட்டியபோது, இந்த இணைப்பையும் ஒரு தனி உறுப்பாகவே வைத்தார்.

கேள்வி: உணர்ச்சியைத் தொட்டு எழுதலாமா?

தாராளமாக. எழுதுபவர்மேல் வரும் நம்பிக்கை, கேட்பவரின் உணர்ச்சி, வாதத்தின் தர்க்கம் என்று அரிஸ்டாட்டில் மூன்றையுமே வழிகளாகச் சொன்னார். ஒரே ஒருவருக்கு நடந்ததை நிதானமாகச் சொன்னால் போதும். மூன்று ஆச்சரியக்குறி போட்டால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

கேள்வி: முடிவுரையில் சொன்னதையே திருப்பிச் சொல்லலாமா?

ஒரு பக்கக் கட்டுரைக்கு அது தேவையில்லை, படித்தவர் அதற்குள் மறந்திருக்க மாட்டார். நீங்கள் சொல்வதை ஏற்றால் நாளைக் காலை வகுப்பில் என்ன மாறும், அதை எழுதுங்கள்.

கேள்வி: தேர்வில் திட்டமிட எங்கே நேரம்?

நாற்பது நிமிடம் இருந்தால் ஐந்து நிமிடம் எடுங்கள். நிலைப்பாடு ஒரு வரி, காரணம் இரண்டு, எதிர்க் கேள்வி ஒன்று. விடைத்தாளின் கடைசிப் பக்கத்தில் கிறுக்கினால் போதும். அப்புறம் அதை அடித்துவிட மறக்காதீர்கள். அதையும் விடை என்று நினைத்துத் திருத்தியிருக்கிறேன்.