விமானத்துக்கு 9 நாள், விசா இன்னும் வரவில்லை: சட்டப்படி என்ன செய்யலாம்?

கேள்வி: வணக்கம் ஐயா. நான் தஞ்சாவூரைச் சேர்ந்த ஓய்வு பெற்ற ஆசிரியர். மகள் ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறாள். அடுத்த மாதக் கடைசியில் அவளுக்குப் பிரசவம். நானும் மனைவியும் சென்னை விசா மையத்தில் ஷெங்கன் விசாவுக்கு (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான குறுகிய கால விசா) விண்ணப்பம் கொடுத்து 22 நாள் ஆகிறது. இன்னும் 'பரிசீலனையில்' என்றே காட்டுகிறது. விமானத்துக்கு 9 நாள்தான் இருக்கிறது. "டிக்கெட் போட்டால்தான் விசா தருவார்கள்" என்று சொல்லி டிராவல் ஏஜென்ட் 1,46,000 ரூபாய்க்கு இரண்டு டிக்கெட் எடுத்துக் கொடுத்தார். இப்போது ரத்து செய்தால் ஒரு பைசா வராது என்கிறார். இன்னொருவர், தூதரகத்தில் தனக்கு ஆள் இருக்கிறது, 25,000 கொடுத்தால் மூன்று நாளில் விசா என்கிறார். மதுரை ஹைகோர்ட்டில் ரிட் மனு போட முடியுமா?

பதில்: முதலில் அந்த 25,000 ரூபாயைக் கொடுத்துவிடாதீர்கள். விசா முடிவு எடுப்பது துணைத் தூதரக அதிகாரி மட்டும்தான். விண்ணப்பம் வாங்கும் மையத்துக்கே அதில் எந்த அதிகாரமும் கிடையாது. அப்படியிருக்க, வெளியில் நிற்கும் தரகருக்கு ஏது? அவர் வேகத்துக்காக ஒரு போலிக் கடிதத்தைச் செருகினால், விசா மறுக்கப்படுவது உங்களுக்குத்தான். அந்தப் பதிவு ஷெங்கன் நாடுகளின் பொதுக் கணினியில் 5 ஆண்டு இருக்கும். பேத்தியோ பேரனோ பிறந்த பிறகு போகிற பயணத்தையும் அது கெடுக்கும். ஏற்கெனவே முன்பணம் கொடுத்திருந்தால், பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 318-ஆவது பிரிவின்படி மோசடிப் புகார் கொடுங்கள். ஆன்லைனில் அனுப்பியிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

ரிட் விஷயம். தஞ்சாவூர் மதுரைக் கிளையின் எல்லைக்குள்தான் வருகிறது. ஆனால் வெளிநாட்டுத் தூதரகத்துக்கு 'விசா கொடு' என்று உத்தரவிட நம் நீதிமன்றம் எதற்கும் அதிகாரமில்லை. யாரை நாட்டுக்குள் விடுவது என்பது அந்த நாட்டின் இறையாண்மை சார்ந்தது. நம் வெளியுறவு அமைச்சகமும் அதில் கட்டளையிட முடியாது. வழக்குச் செலவுக்கு எடுத்து வைத்திருக்கும் பணம் உங்களிடமே இருக்கட்டும்.

தாமதம் சட்டமீறலா என்றால், இன்றைய தேதிக்கு அப்படிச் சொல்ல முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009-ஆம் ஆண்டு விசா சட்டத் தொகுப்பின்படி 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும். கூடுதலாக ஆராய வேண்டிய கோப்புகளில் அதை 45 நாள் வரை நீட்டிக்க அதே தொகுப்பு அனுமதிக்கிறது. பொதுவாகக் கோப்பு தூதரகத்தின் கைக்குப் போன நாளிலிருந்துதான் இதை எண்ணுகிறார்கள். ஆகவே உங்கள் கோப்புக்கு இன்னும் மூன்றரை வாரம் வரை ஆகலாம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்றே தூதரகத்தின் விசா பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். இருவரின் விண்ணப்ப எண், பாஸ்போர்ட் எண், கொடுத்த தேதி, பயணத் தேதி, மகளின் மருத்துவர் எழுதிய பிரசவத் தேதிச் சான்று, இவ்வளவு போதும். கெஞ்சவும் வேண்டாம், மிரட்டவும் வேண்டாம். 'ஏதேனும் ஆவணம் குறைந்திருந்தால் தெரிவியுங்கள். பயணத் தேதி மாறினால் புதிய தேதியை எழுதுகிறோம்' என்று ஒரு வரி சேருங்கள். அந்த வரி முக்கியம். விசா ஸ்டிக்கரில் 'இந்தத் தேதி முதல்' என்று அச்சடிப்பது நீங்கள் சொன்ன பயணத் தேதியை வைத்துத்தான். தினமும் ஒரு மின்னஞ்சல் போடாதீர்கள், அதனால் கோப்பு நகராது.

இனி டிக்கெட். உங்களுக்குச் சட்டம் உண்மையில் கைகொடுக்கும் இடம் இதுதான். ஏஜென்ட் வாய்வழியாகச் சொல்வதை ஏற்காமல், டிக்கெட்டின் ஃபேர் ரூல்ஸை (கட்டண விதிகளை) எழுத்தில் கேளுங்கள். தேதி மாற்றக் கட்டணம் எவ்வளவு, ரத்துக் கட்டணம் எவ்வளவு, புறப்பட எத்தனை மணி நேரம் இருக்கும்போது அது ஏறுகிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்தக் கெடுவுக்கு முன் முடிவெடுங்கள். பிரசவம் அடுத்த மாதக் கடைசி என்பதால், பயணத்தை நாலு வாரம் தள்ளிப்போடுவதே நல்லது என்பது என் கருத்து. மாற்றக் கட்டணமும் கட்டண வித்தியாசமும் சேர்ந்து ரத்துச் செலவைத் தாண்டினால் மட்டும் ரத்து செய்யுங்கள்.

எது செய்தாலும் விமானம் கிளம்பும் முன் செய்யுங்கள். போகாமல் விட்டால் 'நோ ஷோ' ஆகி, பெரும்பாலும் திரும்பி வரும் டிக்கெட்டும் தானாக ரத்தாகிவிடும். ஒருவருக்கு மட்டும் விசா வந்தால், ஒரே பிஎன்ஆரில் (முன்பதிவு எண்ணில்) இருக்கும் இரண்டு டிக்கெட்டையும் பிரித்துத் தரச் சொல்லுங்கள். பிரிக்காமல் ஒருவருடையதை மாற்றப் போனால் மற்றவருடையதும் சேர்ந்து மாறிவிடலாம்.

'ஒரு பைசா வராது' என்பது சரியல்ல. இந்திய விமான நிறுவனம் என்றால், டிஜிசிஏ (விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம்) விதிப்படி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகைக்கு மேல் ரத்துக் கட்டணம் பிடிக்கக் கூடாது. திருப்பித் தராத சலுகை டிக்கெட்டாக இருந்தாலும், பயணம் செய்யாவிட்டால் அரசு வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தந்தே ஆக வேண்டும். ஏஜென்ட் மூலம் வாங்கியிருந்தாலும் அந்தப் பொறுப்பு விமான நிறுவனத்துக்கு உண்டு. வெளிநாட்டு நிறுவனம் என்றால் அதன் சொந்த நாட்டு விதி பொருந்தும். அங்கேயும் பயன்படுத்தாத வரியை எழுத்துபூர்வமாகக் கேளுங்கள்.

ஏஜென்ட் மீது உங்களுக்கு நியாயமான வழக்கு இருக்கிறது. ஷெங்கன் விண்ணப்பத்துக்குப் போக வர முன்பதிவு காட்டினால் போதும், பணம் கட்டிய டிக்கெட் தேவையில்லை. 'டிக்கெட் போட்டால்தான் விசா' என்று அவர் வாட்ஸ்அப்பில் சொல்லியிருந்தால் அதை அழிக்காமல் வையுங்கள். ஃபோனை மாற்றவும் வேண்டாம். பாரதிய சாட்சிய அதிநியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63-ஆவது பிரிவு கேட்கும் மின்னணு ஆவணச் சான்றிதழோடு அதைச் சாட்சியமாகத் தாக்கல் செய்யலாம். முதலில் 15 நாள் கெடு வைத்து ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள். நகரவில்லை என்றால் தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் ஊரில் புகார் தர உரிமை உண்டு. ஏஜென்ட் சென்னைக்காரர் என்றாலும் கவலையில்லை. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

விசா மறுக்கப்பட்டால் காரணம் எழுதிய படிவம் கையில் வரும். 2025 ஜூலை 1 முதல் ஜெர்மனி தூதரகத்திலேயே மறுபரிசீலனை கேட்கும் முறையை எடுத்துவிட்டது. இனி பெர்லின் நிர்வாக நீதிமன்றம் போக வேண்டும், அல்லது குறையைச் சரிசெய்து புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். பிரசவத் தேதியை நினைத்தால் உங்களுக்கு இரண்டாவதுதான் சரி. உங்கள் செலவை ஏற்பதாக மகள் அங்கிருந்து பொறுப்பேற்புக் கடிதம் கொடுத்திருந்தால், அதன் தேதி காலாவதியாகிவிட்டதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

விசா வந்தால், பாஸ்போர்ட்டை வாங்கிய இடத்திலேயே ஸ்டிக்கரைப் பாருங்கள். பெயர், பாஸ்போர்ட் எண், தொடங்கும் தேதி, தங்கும் நாட்கள் எல்லாம் சரியா என்று பார்த்து, பிழை இருந்தால் அங்கேயே சொல்லுங்கள். பயணக் காப்பீடும் குறைந்தது 30,000 யூரோவுக்கு, புதிய தேதிகளுக்குப் பொருந்தும்படி இருக்க வேண்டும். காப்பீட்டு நிறுவனத்திடம் தேதியை மாற்றிக் கேளுங்கள், பெரும்பாலும் புதிதாக வாங்க வேண்டியிருக்காது.