ஆய்வேட்டைப் பாமினியில் மறுபடி அடிக்க வேண்டுமா?

கேள்வி: கடலூர்ப் பகுதி மீனவர் பாடல்களைப் பற்றிய என் முனைவர் பட்ட ஆய்வேட்டை, தலைப்பு முதலியவற்றைச் சிறு குறிகளால் காட்டும் மார்க்டவுன் முறையில் வெறும் உரைக் கோப்பாக எழுதியிருக்கிறேன். பேண்டாக் கொண்டு பிடிஎஃப் ஆக்கியபோது முதலில் பிழைச் செய்தி வந்தது. நண்பர் சொன்னபடி எஞ்சினை ஸீலேட்டெக் என்று மாற்றியதும் பக்கங்கள் வந்தன. ஆனால் ஆங்கிலச் சொற்களும் எண்களும் மட்டுமே இருக்கின்றன, தமிழ் இருந்த இடமெல்லாம் வெற்றிடம். புதுச்சேரியில் ஒரு டிடிபி கடைக்காரர், இது தமிழுக்கு ஒத்துவராது, முழுவதையும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடிக்க வேண்டும் என்று பக்கக் கணக்கில் பணம் கேட்கிறார். என்ன செய்வது?
– வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: ஒரு பக்கத்தைக்கூட மறுபடி அடிக்க வேண்டாம்; முன்பணம் கொடுத்திருந்தால் திரும்பக் கேளுங்கள். பேண்டாக் என்பது பெர்க்லியில் தத்துவப் பேராசிரியராக இருக்கும் ஜான் மக்ஃபார்லன் 2006இல் வெளியிட்ட, கோப்பை ஒரு வடிவிலிருந்து இன்னொரு வடிவுக்கு மாற்றும் இலவச மென்பொருள். அது பிடிஎஃப்பைத் தானே ஆக்குவதில்லை, பக்கம் கோக்கும் வேலையை லேட்டெக் போன்ற வேறொரு நிரலிடம் ஒப்படைக்கிறது; அந்த நிரலைத்தான் எஞ்சின் என்கிறார்கள். வழக்கமான எஞ்சினுக்குத் தமிழ் தெரியாததால் முதலில் பிழைச் செய்தி வந்தது. ஸீலேட்டெக்கிற்குத் தமிழ் தெரியும். ஆனால் எழுத்துரு இன்னதென்று நீங்கள் சொல்லாதபோது அது தன் வழக்கமான எழுத்துருவை எடுத்துக்கொள்கிறது, அதில் தமிழ் எழுத்தே கிடையாது. ஆகவே கட்டளையில் மெயின்ஃபாண்ட் என்பதற்கு நிர்மலா யூஐ என்று கொடுங்கள். விண்டோஸிலேயே இருக்கும் அந்த எழுத்துருவில் தமிழும் ஆங்கிலமும் உண்டு. எழுத்துரு விருப்பங்களில் ஸ்கிரிப்ட் என்பதற்குத் தமிழ் என்றும் குறிப்பிடுங்கள், இல்லாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கக்கூடும்.

பாமினியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அது, ஒவ்வொரு மொழி எழுத்துக்கும் தனி எண் தரும் உலகப் பொதுத் தரமான யூனிகோடு அன்று. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை ஒட்டிவைத்த ஏற்பாடு அது; எழுத்துருவை எடுத்துவிட்டால் உங்கள் ஆய்வேடு முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகிவிடும். பல்கலைக்கழக மானியக் குழு 2009இலேயே ஆய்வேடுகளை மின்வடிவில் தர வேண்டும் என்று விதித்தது. அவை காந்திநகரிலுள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் ஷோத்கங்கா களஞ்சியத்தில் சேர்கின்றன. பாமினியில் அடித்த ஆய்வேட்டில் ‘கட்டுமரம்’ என்று தேடினால் ஒன்றும் அகப்படாது. தமிழக அரசு 2010இல் யூனிகோடைத் தரமாக ஏற்று ஆணையிட்ட பிறகும் பாமினி கேட்கும் அலுவலகங்கள் இருப்பதற்கும், மின்வடிவம் கேட்டுவிட்டு அதைத் திறந்துகூடப் பார்க்காமல் குறுந்தகடாக உறையில் போட்டு ஒட்டச் சொல்வதற்கும் யார் பதில் சொல்வது என்று எனக்கு விளங்கவில்லை. இந்தக் குழப்பத்தில்தான் இடைத்தரகர்கள் பிழைக்கிறார்கள். மறுபடி அடித்த கோப்பைத் தம்மிடமே வைத்துக்கொண்டு பிடிஎஃப்பை மட்டும் உங்களிடம் தருவார்கள். நெறியாளர் ஒரு சந்திப்பிழையைச் சுட்டினாலும் நீங்கள் மீண்டும் கடைப்படி ஏறித் தனிக் கட்டணம் கட்ட வேண்டும். பிடிஎஃப்பைப் பேண்டாக்கில் கொடுத்து மூலத்தைத் திரும்பப் பெறவும் முடியாது, அது பிடிஎஃப்பை எழுதுமே தவிரப் படிக்காது. இணையத்தில் இலவசமாக மாற்றித் தருவதாகச் சொல்லும் தளங்களில் இன்னும் வெளிவராத ஆய்வைக் கொண்டுபோய் ஏற்றுவதும் வேண்டாத வேலை.

எழுத்து சரியான பிறகு பாடல்களைக் கவனியுங்கள், உங்கள் ஆய்வேட்டில் உண்மையான சிக்கல் அங்கேதான் வரும். மார்க்டவுனில் வரியின் கடைசியில் எண்டர் தட்டினால் புது வரி பிறக்காது; இடையில் வெற்று வரி இல்லாவிட்டால் அடுத்த வரி முந்தைய வரியோடு ஒட்டிக்கொள்ளும். ஏலேலோ என்று முடியும் நான்கு அடிகள் ஒரே உரைநடைப் பத்தியாக ஓடிவிடும், அடுத்த ஏலேலோ எந்த அடியைச் சேர்ந்தது என்று தேர்வாளருக்குத் தெரியாது. உள்தள்ளுவதற்காக நான்கு இடைவெளி விட்டுப் பாடலைத் தொடங்கினாலோ, பேண்டாக் அதை நிரல் வரிகள் என்று எண்ணித் தட்டச்சுப்பொறி எழுத்துப் போன்ற வேறொரு எழுத்துருவில் போடும்; அந்த எழுத்துருவில் தமிழ் இல்லாததால் பாடல் மட்டும் மறுபடி வெற்றிடமாகும். ஒவ்வோர் அடியின் தொடக்கத்திலும் ஒரு நிலைக்குத்துக் கோடும் ஒரு இடைவெளியும் இடுங்கள். பேண்டாக் அடிகளை அப்படியே காக்கும், கோட்டுக்குப் பின் கூடுதலாக விட்ட இடைவெளியையும் காக்கும். பல்லவி தொகையறா என்று அடிகளை உள்தள்ளிக் காட்ட இது போதும். இந்த வசதி பேண்டாக்கின் சொந்தச் சேர்க்கை, மற்ற மார்க்டவுன் கருவிகளில் அந்தக் கோடு கோடாகவே அச்சாகலாம். ஆகவே கருவியை நடுவில் மாற்றாதீர்கள்.

நெறியாளர் வேர்டு கோப்பு கேட்டால் மாதிரிக் கோப்பு ஒன்றின் ஸ்டைல்களை மட்டும் திருத்தி, ரெஃபரன்ஸ் டாக் என்ற விருப்பத்தில் கொடுங்கள். அப்போது எழுத்துருவையும் அளவையும் காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட் என்ற பகுதியில் மாற்ற வேண்டும். மேலேயுள்ள வழக்கமான பெட்டியில் மாற்றினால் ஆங்கிலம் மட்டும் மாறும், தமிழ் அசையாது.

அச்சுக்கு வேர்டு கோப்பைக் கொண்டுபோகாதீர்கள், கடைக் கணினியில் எழுத்துரு இல்லாவிட்டால் பக்க எண்கள் நகர்ந்து பொருளடக்கம் பொய்யாகும். பிடிஎஃப்பைக் கொடுத்து, பாடல் வரும் பக்கம் ஒன்றை முதலில் அச்செடுக்கச் சொல்லி, அடிகளும் கொம்புகளும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே மற்றப் பக்கங்களை எடுக்க விடுங்கள்.