2019 எஃப்-150, சில்வராடோ, டண்ட்ரா: எதை எடுக்கலாம்?

ஃபோர்டு எஃப்-150, செவ்ரோலெ சில்வராடோ, டொயோட்டா டண்ட்ரா என்ற மூன்று பிக்கப் டிரக்குகளில் எதைப் பழையதாக வாங்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். வருடத்துக்கு 12,000 மைல் ஓட்டம், அதில் நாலைந்து தடவை மட்டும் 5,000 பவுண்டு டிரெய்லரை இழுப்பது என்கிறீர்கள். மூன்றும் 2019 மாடல், பின்சக்கர இயக்கம். முதலில் பெட்ரோல் கணக்கு. அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பான இபிஏவின் மதிப்பீட்டில் 2.7 லிட்டர் டர்போ எஞ்சின் (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் வகை) உள்ள எஃப்-150 கேலனுக்கு 22 மைல், 5.7 லிட்டர் டண்ட்ரா வெறும் 15. வருடத்துக்கு 545 கேலன், 800 கேலன். கேலன் 3 டாலர் என்றால் சுமார் 765 டாலர் வித்தியாசம். டிரெய்லர் இழுக்கும் ஓட்டங்களில் மட்டும் இந்த லாபம் பெரும்பாலும் கரைந்துவிடும். டர்போ அழுத்தம் ஏற ஏற பெட்ரோலையும் குடிக்கும்.

5.3 லிட்டர் சில்வராடோ வேண்டாம் என்பேன். பாரம் குறையும்போது சில சிலிண்டர்களை நிறுத்தும் அமைப்பில் லிஃப்டர் (வால்வைத் தூக்கும் சிறு பாகம்) சிக்கிக்கொள்ளும். முதலில் டிக் டிக் சத்தம், பிறகு மிஸ்ஃபயர் (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவது), அப்படியே ஓட்டினால் லிஃப்டரை இயக்கும் கேம்ஷாஃப்ட் தண்டும் போச்சு. அந்த அமைப்பை அணைக்க, வண்டியின் ஓபிடியில் (கோளாறு பார்க்கும் சாக்கெட்) செருகும் கருவி விற்கிறார்கள். ஏற்கெனவே கெட்ட லிஃப்டரை அது சரிசெய்யாது.

எஃப்-150ஐ நன்றாகச் சூடேறும் வரை ஓட்டிப் பாருங்கள், தெருமுனை வரை போய்த் திரும்புவது போதாது. 10 கியர் ஆட்டோமேட்டிக் 3, 4, 5ஆம் கியர் மாறும்போது உதைத்தால் விட்டுவிடுங்கள். எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் பிளாஸ்டிக் ஆயில் பேனின் விளிம்பில் கசிவு இருக்கிறதா என்று கீழே குனிந்து பாருங்கள்.

டண்ட்ராவில் வாட்டர் பம்ப் பக்கம் கூலன்ட் கசிந்த இளஞ்சிவப்புக் கறை, எஞ்சின் மேலே கேம்ஷாஃப்ட்டைத் தாங்கும் கேம் டவரின் விளிம்பில் ஆயில் ஈரம், இந்த இரண்டையும்தான் பார்க்க வேண்டும். பம்ப் சமாளிக்கலாம், கேம் டவர் கசிவு பர்ஸைக் காலி செய்துவிடும். சுத்தமாக இருந்து, பத்து வருடம் வைத்திருப்பதாக இருந்தால் டண்ட்ரா. நாலு வருடத்தில் விற்பதென்றால் எஃப்-150.