சன்ரைஸ் படுக்கை ரயில்: கேளுங்கள், சொல்கிறேன்

டோக்கியோவில் இரவு 9:50க்குக் கிளம்பும் சன்ரைஸில் இதுவரை ஆறு முறை போயிருக்கிறேன். 1998 ஜூலையில் ஓட ஆரம்பித்த வண்டி. ஜப்பானில் தினமும் ஓடும் படுக்கை ரயில் இப்போது இது ஒன்றுதான். மொத்தம் 14 பெட்டிகள். காலையில் ஓகயாமாவில் இரண்டாகப் பிரியும். முன் ஏழு பெட்டி ‘செதோ’, கடல் தாண்டி தகமாட்சுவுக்குப் போகும். பின் ஏழு ‘இசுமோ’, மலைகளுக்குள் புகுந்து இசுமோஷிக்குப் போகும். கேளுங்கள்.

புதுப்பயணி: டிக்கெட் எப்போது எடுப்பது?

சரியாக ஒரு மாதம் முன்பு, ஜப்பான் நேரம் காலை 10 மணிக்குத் திறக்கும். நம் ஊரில் அப்போது 6:30. காபி குடித்துவிட்டு மெதுவாக உட்காரலாம் என்று நினைக்காதீர்கள். வெள்ளி, சனி இரவுகளுக்குத் தனியறைகள் மளமளவென்று தீர்ந்துவிடும். அப்புறம், சாப்பாடு வாங்கிக்கொண்டு ஏறுங்கள். வண்டியில் குளிர்பான இயந்திரம் தவிர வேறொன்றும் கிடையாது.

கடம்பவனம்: ஜே.ஆர். பாஸ் (சுற்றுலாப் பயணிகளுக்கான ஜப்பான் ரயில் பாஸ்) வைத்திருக்கிறேன். இலவசமா?

‘நொபிநொபி’ இடம் என்றால் ஆமாம், முன்பதிவு மட்டும் போதும். பெயருக்குத்தான் இருக்கை, உண்மையில் கம்பளம் விரித்த தரை, இரண்டு அடுக்கு, தலைமாட்டில் மட்டும் சின்னத் தடுப்பு. அதனால்தான் படுக்கைக் கட்டணம் வாங்குவதில்லை. தனியறை வேண்டுமென்றால் பாஸ் இருந்தாலும் எக்ஸ்பிரஸ் கட்டணமும் படுக்கைக் கட்டணமும் தனி. ஒருவர் அறைகளில் ‘சோலோ’வுக்குப் படுக்கைக் கட்டணம் மட்டும் 6,600 யென், ‘சிங்கிள்’ 7,700. வித்தியாசம் 1,100தானே, சிங்கிளே எடுங்கள். சோலோ அறைகள் இருக்கும் 3, 10ஆம் பெட்டிகளும், நொபிநொபி இருக்கும் 5, 12ஆம் பெட்டிகளும் மோட்டார் பெட்டிகள். இரவெல்லாம் அடியில் ரீங்காரம் கேட்கும்.

ஊர்சுற்றி: ஒசாகாவில் ஏறி இசுமோ போகலாமா?

முடியாது. டோக்கியோவிலிருந்து வரும்போது வண்டி ஒசாகாவில் நிற்பதில்லை. ஹமமாட்சுவை விட்டால் அடுத்து ஹிமேஜிதான். ஷின்கான்செனில் (புல்லட் ரயில்) ஓகயாமா போய் இசுமோ பக்கம் போகும் ‘யாகுமோ’ எக்ஸ்பிரஸைப் பிடியுங்கள், அங்கிருந்து மூன்று மணி நேரம்.

கிளிமூக்கு: கியோட்டோவிலிருந்து?

மேலே பார்க்கவும்.

நெய்தல்: ஒசாகாவிலிருந்து டோக்கியோவுக்கு?

அந்தத் திசையில் நிற்கும், இரவு 12:33க்கு. இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். 10ஆம் தேதி 0:33 என்று டிக்கெட்டில் இருந்தால், நீங்கள் நடைமேடைக்குப் போகவேண்டியது 9ஆம் தேதி ராத்திரி. என் நண்பர் ஒருவர் 10ஆம் தேதி இரவுச் சாப்பாட்டை ஏறக்கட்டிவிட்டு, பெட்டியும் கையுமாக நிதானமாகப் போய் நின்றார். அவர் வண்டி அன்று காலையே டோக்கியோ போய்ச் சேர்ந்திருந்தது. தேதியைப் பாருங்கள், இரண்டு முறை பாருங்கள்.

தோசைப்பிரியை: ரயிலில் சாப்பாடு கிடைக்குமா?

மேலே சொல்லியாயிற்று. கிடைக்காது.

அந்திமழை: எந்தப் பக்கம் உட்கார்ந்தால் காட்சி நன்றாக இருக்கும்?

நல்ல கேள்வி. இசுமோ போகும்போது வலது பக்கம். ஹோகி-தைசென் நிலையத்தை நெருங்கும்போது தைசென் மலை தெரியும். மட்சுயே தாண்டியதும் ஷின்ஜி ஏரி, தண்டவாளத்தை ஒட்டியே கொஞ்ச தூரம் கூட வரும். திரும்பி டோக்கியோ வரும்போது கோடையில் மட்டும் ஒரு கொசுறு: விடியற்காலை ஐந்து மணியளவில் ஃபூஜி நிலையத்துப் பக்கம் இடது ஜன்னலில் மலை. அப்புறம் அதாமி தாண்டி வலது ஜன்னலில் கடல். குளிர்காலத்தில் இரண்டும் இருட்டு. அறை தப்பான பக்கம் அமைந்துவிட்டால் 3, 10ஆம் பெட்டிகளில் இரு பக்கமும் ஜன்னலோர முக்காலிகள் உண்டு. செதோவில் போகிறவர்கள் பக்கம் பார்க்கவே வேண்டாம், கடலைத் தாண்டும் பாலத்தில் எங்கு பார்த்தாலும் தண்ணீர்தான்.

கருவேலம்: மேல்தளமா, கீழ்த்தளமா?

மேல்தளம். சிங்கிளில் ஜன்னல் கூரை வரை வளைந்திருக்கும், படுத்தபடியே வானம் பார்க்கலாம்.

பழையபயணி: ஆட்சேபிக்கிறேன். மேலே ஆட்டம் அதிகம். கீழேதான் தூக்கம் வரும்.

தூங்குவதற்கா ஐயா அவ்வளவு பணம்? கீழ்த்தளத்தில் ஜன்னலும் நடைமேடையும் ஒரே மட்டம். யொகோஹாமாவில் நின்றால் வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்களின் செருப்பு உங்கள் மூக்கருகே நிற்கும்.

பழையபயணி: திரையை இழுத்துவிட்டால் போயிற்று.

ஜன்னலை மூடவா சன்ரைஸ்?

கருவேலம்: நான் கேட்டது ஒரு சின்னக் கேள்வி…

சுண்டல்: முதுகுவலிக்காரர்களுக்கு?

கீழ். படி ஏற வேண்டாமென்றாலும்… அங்கேயும் நாலு படி இறங்கவேண்டும். சக்கரச் சத்தமும் கொஞ்சம் கூடக் கேட்கும்.

பழையபயணி: அப்படியானால் ஆட்டத்தை ஒப்புக்கொள்கிறீர்கள்.

ஆட்டம் உண்டு. தொட்டில் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

வெண்பா: குளிக்க முடியுமா?

330 யென் அட்டை, ஆறு நிமிடம் வெந்நீர். ஏறிய உடனே வாங்குங்கள், சீக்கிரம் தீர்ந்துவிடும். ‘சிங்கிள் டீலக்ஸ்’காரர்களுக்கு மட்டும் அட்டை அறையோடு சேர்ந்து வரும்.

மணல்வீடு: வண்டி தாமதமானால்?

இரண்டு மணி நேரம் அல்லது அதற்கு மேல் தாமதமானால் எக்ஸ்பிரஸ் கட்டணம் திரும்ப வரும். அன்று மதியமே விமானம் வைத்துக்கொள்ளாதீர்கள்.

குறிஞ்சிப்பூ: ஓகயாமாவில் பிரிவதை இறங்கிப் பார்க்கலாமா?

எல்லோரும் பார்ப்பார்கள். 6:27க்கு வரும், செதோ 6:31க்கும் இசுமோ 6:34க்கும் போய்விடும். செதோவில் வந்தவர்கள் படம் எடுக்கும் ஆர்வத்தில் வண்டியை விட்டுவிடாதீர்கள்.

பாலைவனம்: வழியில் சாப்பாடு…

சாப்பாடு வாங்கிக்கொண்டு ஏறுங்கள்.

இன்றைக்கு இவ்வளவுதான். நாளைக் காலை 6:30க்கு எனக்கே டிக்கெட் எடுக்கிற வேலை இருக்கிறது. இந்த முறை அம்மாவும் வருகிறார், அதனால் இருவர் அறையான ‘சன்ரைஸ் ட்வின்’. ஆமாம், அது கீழ்த்தளத்தில் மட்டும்தான் உண்டு. பழையபயணி, சிரிக்காதீர்கள்.